வரவுத் தாளில் வைத்த கையொப்பம் சம்மதமாகுமா?

வாசகர் கேள்வி–பதில்: நகரப் புதுப்பிப்பும் குடியிருப்பாளரும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொழும்பு வடக்கையும் மத்தியையும் சேர்ந்தவை. தோட்டங்கள் எனப்படும் நெரிசலான குடியிருப்புகளை அகற்றிவிட்டு மாடிவீடு கட்டும் திட்டங்கள், ஏற்கெனவே மாடிவீட்டுக்குப் போனவர்களின் பராமரிப்புச் சிக்கல்கள், தம் வட்டாரத்தைத் தாமே கணக்கெடுக்க விரும்பும் இளைஞர்களின் கேள்விகள் என்று பல திசைகளிலிருந்து வந்தாலும், எல்லாம் ஒரே விடயத்தைத் தொடுவதால் ஐந்து கடிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள் உண்டு. மூன்று தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம். சென்ற மாதம் அதிகாரிகள் சிலர் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து, இந்த இடத்துக்குப் புதிய திட்டம் வரப்போவதாகச் சொன்னார்கள். பேச்சு முழுவதும் சிங்களத்தில் நடந்தது. முடிவில் ஒரு தாளில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்கினார்கள். இப்போது, "நீங்கள்தான் சம்மதித்துவிட்டீர்களே" என்கிறார்கள். நாங்கள் ஏமாந்துவிட்டோமா? இனி என்ன செய்யலாம்?
– வாசகி, கிராண்ட்பாஸ்

பதில்: அம்மா, கூட்டத்துக்கு வந்ததற்காக இட்ட கையொப்பம் வீட்டை விட்டுப் போகச் சம்மதித்ததாக ஆகிவிடாது. எனினும் அந்தத் தாளின் தலைப்பில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் நிம்மதியாக இருக்கவும் முடியாது. "வருகை தந்தோர்" என்று இருந்தால் ஒரு கதை. "திட்டத்துக்கு இணங்குவோர்" என்று இருந்தால் வேறு கதை. ஆகையால் முதல் வேலையாக அந்தத் தாளின் பிரதியைக் கேட்டு எடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் அரச நிறுவனமொன்றின் தகவல் அலுவலரிடம் இதைக் கேட்கலாம்; ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். மறுத்தால், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று நியமிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பிறகு தகவல் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம்.

விண்ணப்பத்தை எழுதும்போது, "எங்கள் தோட்டம் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்" என்று எழுதாதீர்கள். அப்படிக் கேட்டால் பதிலும் அப்படியே பொதுவாக வரும். குறித்த திகதியில் நடந்த கூட்டத்தின் வரவுத் தாள், கூட்டக் குறிப்பு, காணியின் நில அளவை வரைபடம், வீடுகளைக் கணக்கெடுத்த பட்டியல், திட்டத்துக்கு அமைச்சரவை அனுமதி பெறப்பட்டிருந்தால் அந்தத் தீர்மானத்தின் பிரதி என ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. விளங்காத மொழியில் நடந்த கூட்டத்தை அறுபது குடும்பங்களுடன் நடத்திய கலந்துரையாடலாக எவரும் கணக்கில் எழுத முடியாது. அடுத்த கூட்டத்தை மொழிபெயர்ப்பாளருடன் மீண்டும் நடத்தும்படி எழுத்தில் கோருங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள்.

அடுத்த தடவை தாள் கைக்கு வரும்போது தலைப்பை வாசிப்பித்துக் கேளுங்கள். தலைப்பே இல்லாத வெறும் தாள் என்றால், உங்கள் கையொப்பத்துக்குப் பக்கத்தில் "கூட்டத்துக்கு வருகை மாத்திரம்" என்று எழுதித் திகதியிடுங்கள். முதல் வரியில் கையெழுத்திடுபவர் அப்படி எழுதிவிட்டால் பின்னால் வருபவர்களும் அதைப் பார்த்தே எழுதுவார்கள். தாளைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். சண்டை பிடிக்கத் தேவையில்லை.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். உங்கள் தோட்டம் யாருடைய காணி? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நீங்கள் அடுத்து எடுக்கும் ஒவ்வோர் அடியும் அதில்தான் தங்கியிருக்கிறது. கொழும்பின் பழைய தோட்டங்கள் பல, 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் தனியாரிடமிருந்து அரசுக்கு வந்தவை. அவற்றில் வாடகை கட்டி வந்தவர்களுக்கும், பிறகு உறுதி (உடைமைப் பத்திரம்) பெற்றவர்களுக்கும் ஆவணங்கள் உண்டு. சில தோட்டங்கள் மாநகர சபைக் காணியிலும், சில புகையிரத அல்லது வடிகால் ஒதுக்குக் காணியிலும் உள்ளன. உங்களிடம் உறுதி இருந்தால் அரசு 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் வழியே வர வேண்டும். அதன் 4ஆம் பிரிவின்படி அறிவித்தல் வந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம், அதற்கான கால அவகாசம் 14 நாட்களுக்குக் குறையக் கூடாது. உறுதியும் பெர்மிட்டும் இல்லாத அரச காணி என்றால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகளின் உடைமையை மீளப்பெறும் சட்டத்தின் கீழ் வெளியேறல் அறிவித்தல் வரக்கூடும். அதற்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு என்றாலும், நீதவான் நீதிமன்றத்தில் நீங்கள் காட்டக்கூடியது செல்லுபடியாகும் எழுத்து மூல அனுமதிப் பத்திரத்தை மட்டுமே. மூன்று தலைமுறை வாழ்ந்த கதை அங்கே எடுபடாது. இது கசப்பான உண்மை. ஆனால் இதை அறிந்திருந்தால்தான், காரியம் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய அவசரம் விளங்கும்.

அப்படிப் பேசும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆவணம், 2001ஆம் ஆண்டு அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தன்விருப்பமற்ற மீள்குடியேற்றம் தொடர்பான தேசியக் கொள்கை. அபிவிருத்தித் திட்டத்துக்காக இடம்பெயர்க்கப்படும் மக்கள் புதிய இடத்தைத் தெரிவு செய்வதிலும், வாழ்வாதார இழப்புக்கான ஈட்டைத் தீர்மானிப்பதிலும், மாற்று வழிகளை ஆராய்வதிலும் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. காணி உறுதி இல்லாதவர்களுக்கும் நியாயமான கவனிப்பு உண்டு என்கிறது. 20 குடும்பங்களோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டால் விரிவான மீள்குடியேற்றத் திட்டமொன்று தயாரிக்கப்பட வேண்டும். நீங்கள் அறுபது குடும்பங்கள். அந்தத் திட்டத்தைக் காட்டுங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. இது சட்டமல்ல, கொள்கைதான். நீதிமன்றத்தில் அதன் பலம் குறைவு. ஆனால் அரசே எழுதிய கொள்கையை அரச அலுவலர் முன் வைத்துப் பேசுவதும், வெறுங்கையோடு போய் நிற்பதும் ஒன்றல்ல. 100 குடும்பங்களுக்கு மேல் விருப்பமின்றி இடம்பெயர்க்கப்படும் திட்டமானால் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான வர்த்தமானிக் கட்டளையும் பொருந்தும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு வெளியிடப்படும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. பக்கத்துத் தோட்டங்களும் இதே திட்டத்துக்குள் வருகின்றனவா என்று விசாரியுங்கள்; தனித்தனியே அறுபது, எழுபது என்று தெரிவது சேர்த்துப் பார்த்தால் நூறைத் தாண்டக்கூடும்.

என் அனுபவத்தில், இடம் தெரிவாகி, வரைபடம் முடிந்து, கேள்விப்பத்திரமும் (டெண்டர்) கோரப்பட்ட பிறகு கூட்டப்படும் கூட்டத்தில் மக்களுக்கு மிஞ்சுவது சுவரின் நிறத்தைத் தெரிவு செய்வது மட்டுமே. எனவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "என்ன முடிவாகிவிட்டது, என்ன இன்னும் முடிவாகவில்லை?" என்பதுதான். அதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதிலிலிருந்துதான் எதைப் பற்றிப் பேசினால் பயன் உண்டு என்பது தெரியும்.

பலவந்தமாக அகற்றப்படும் நிலை வந்தால் நாட்களை எண்ணுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதத்தில் சேர்க்கப்படாது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

கேள்வி: மக்கள் பங்கேற்பு, மக்கள் பங்கேற்பு என்று தொடர்ந்து எழுதுகிறீர்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு கல்லும் எழும்பாது. மழை பெய்தால் வெள்ளம், விட்டால் டெங்கு, பொதுக் குழாயில் வரிசை. அந்த நிலையில் இருந்தவர்களுக்கு லிஃப்ட் வைத்த வீடு கிடைக்கிறது. கட்டுவது பொறியியலாளரின் வேலை. அதில் குடியிருப்பவர்களிடம் கேட்க என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற பொறியியலாளர், வெள்ளவத்தை

பதில்: ஐயா, உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது. வீட்டுக்குள்ளேயே குழாய் நீரும் மலசலகூடமும் கிடைத்ததை மாடிவீட்டுக்குப் போன பெண்கள் பலர் பெரும் நிம்மதியாகவே சொல்கிறார்கள். தோட்டத்து வாழ்க்கையைத் தூரத்தில் நின்று அழகுபடுத்தி எழுதுபவர்களோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் "கேட்டால் காரியம் நடக்காது" என்பதைக் கொழும்பில் இருந்துகொண்டு சொல்வதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. கேட்டுச் செய்த வேலைக்கு இந்த நகரமே ஒரு காலத்தில் உலகத்துக்கு உதாரணமாக இருந்தது.

1970களின் இறுதியில் யுனிசெஃப் உதவியோடு கொழும்பு மாநகர சபை தோட்டங்களில் சுகாதார வேலைகளைத் தொடங்கியபோது குடியிருப்பாளரைக் கொண்ட சமூக அபிவிருத்தி சபைகள் உருவாயின. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் அவற்றை அடித்தளமாகக் கொண்டது. அரசு வீட்டைக் கட்டிக் கையில் கொடுக்கும் முறையை விட்டு, மக்கள் தாமே கட்டுவதற்குச் சிறு கடனும் காணியும் ஆலோசனையும் கொடுக்கும் முறைக்குத் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை மாறிய காலம் அது. நெரிசலான குடியிருப்புகளில் ஒரு குடும்பத்துக்கு 2 பேர்ச் காணி என்று அளவு வைத்துக்கொண்டார்கள். அலுவலர்களும் குடியிருப்பாளரும் இரண்டு நாள் பட்டறையில் சேர்ந்து உட்கார்ந்து, எந்தப் பாதை எவ்வளவு அகலம், யாருடைய சுவர் எத்தனை அடி உள்ளே போக வேண்டும், பொதுக் கிணறு எங்கே என்று பேசினார்கள். பிறகு முளையும் கயிறும் கொண்டு நிலத்திலேயே கோடு போட்டார்கள். அயலவரோடு எல்லைத் தகராறு இருந்தவர்கள்கூட அந்தக் கயிற்றுக்கு முன்னால் நின்று ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. முடிவு மேலிடத்திலிருந்து வந்ததல்ல என்பதால், பின்னால் வேலியை நகர்த்துவதும் எளிதாக இருக்கவில்லை. வடிகால், பொதுக் கழிப்பறை, நடைபாதை போன்ற சிறு வேலைகளைக் கேள்விப்பத்திரம் இல்லாமல் அந்தந்தச் சமூக அபிவிருத்தி சபைக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கும் முறையும் 1980களின் நடுப்பகுதியில் இங்கேதான் வந்தது. பின்னர் ஆசிய நாடுகள் பல அதைப் பின்பற்றின.

அந்த முறையில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். சபைத் தலைவர் பதவிகளுக்குள் கட்சி அரசியல் புகுந்தது. திட்டத்துக்கான பணமும் அரசியல் ஆதரவும் குறைந்ததும் பல சபைகள் பெயரளவில் மட்டுமே மிஞ்சின. வெள்ள ஓட்டத்தின் மேலேயே அமைந்த குடியிருப்பை எத்தனை பட்டறை வைத்தாலும் அங்கேயே வைத்துச் சீர்செய்ய முடியாது. ஆனால் தாமதம் அந்த முறையின் பெரிய குற்றமாக இருக்கவில்லை.

2001இல் பொரளையில் நிறைவுபெற்ற சஹஸ்புர உயர்மாடிக் குடியிருப்புக் கட்டடத்தோடு காற்று வேறு பக்கம் திரும்பியது. காணியை விடுவித்து விற்று, அந்த வருமானத்தில் மக்களை மேல்நோக்கி அடுக்குவது என்பதே அதன் கணக்கு. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் படையினரின் துணையோடு இடிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைத் தொடர்ந்த நகரப் புதுப்பிப்புத் திட்டம் கொழும்பில் அறுபத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைக் குறைவசதிக் குடியிருப்பாளர் என்று வகுத்தது. ஓட்டு வீடும் கல் வீடும் மாடி வீடும் மின்சாரமும் மதிப்பீட்டு வரிச் சீட்டும் உள்ள குடும்பங்களும், பலகைக் குடிசையில் இருந்த குடும்பங்களும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டன. பொறியியலாளராக நீங்களே சொல்லுங்கள், ஐயா: ஆய்வு செய்யப்படாத நிலத்துக்கு ஒரே அத்திவாரத்தை வரைவீர்களா?

குடியிருப்பவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்றீர்கள். தொடக்க காலத்து மாடிவீடுகள் 400 சதுர அடியளவில் அமைந்தன. 2 பேர்ச் காணியின் நிலப்பரப்பே சுமார் 544 சதுர அடி. அதன் மேல் ஒரு மாடியும் எழுப்பிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இது என்னவாகத் தெரியும்? விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்கும் பெண் ஏழாம் மாடியில் யாருக்கு விற்பது? தள்ளுவண்டியையும் முச்சக்கர வண்டியையும் இரவில் எங்கே பூட்டி வைப்பது? வீட்டில் ஒரு சாவு நடந்தால் பெட்டி லிஃப்டுக்குள் நிற்குமா, படியில் திரும்புமா, பிணத்தைக் கிடத்தி ஆட்கள் வந்து இருக்க இடம் எங்கே? இந்தக் கடைசிக் கேள்வியை ஒரு தோட்டத்தில் எந்தக் கிழவியிடம் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பாள். வரைபடத்தில் அதற்குத் தேவைப்படுவது படிக்கட்டுத் திருப்பத்தில் இன்னும் சிறிது அகலமும் கீழ்த்தளத்தில் ஒரு மண்டபமும்தான். வீட்டுக்காகப் பத்து இலட்சம் ரூபாயை நீண்ட காலத் தவணையில் கட்டச் சொன்ன தொகுதிகளில், நாட்கூலி பெறுபவர் மாதத் தவணையை எப்படிக் கட்டுவார் என்ற கேள்வியும் கூட்டத்தில் முதலாவதாக எழுந்திருக்க வேண்டியது. பலருக்கு அது முதல் தவணைச் சீட்டு கையில் கிடைத்தபோதுதான் எழுந்தது.

மீதொட்டமுல்லையையும் நினைத்துப் பாருங்கள். அங்கே குப்பைமேடு வளரத் தொடங்கிய காலம் முதல் அயலில் இருந்தவர்கள் பல ஆண்டுகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வீதியில் இறங்கினார்கள், அடியும் வாங்கினார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தார்கள். அந்த அயலவர்கள் பொறியியல் பட்டத்தை வைத்து எச்சரிக்கவில்லை. சுவர் வெடிப்பதையும் நிலம் எழும்புவதையும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழகத்துப் பையன்கள் சேர்ந்து, எங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளை நாங்களே கணக்கெடுத்து வரைபடம் கீற யோசிக்கிறோம். இதை யாராவது ஏற்றுக்கொள்வார்களா? எப்படித் தொடங்குவது?
– 22 வயது வாசகர், மட்டக்குளி

பதில்: தம்பி, நல்ல வேலை. அதிகாரபூர்வக் கணக்கெடுப்புக்கு ஈடாக உங்களுடையதை எவரும் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அவர்களுடைய பட்டியலில் ஒரு வீடு விடுபட்டிருந்தால் அதைக் காட்டுவதற்கு உங்கள் பட்டியலைத் தவிர வேறு வழியும் இருக்காது.

முதலில் உங்கள் மரண உதவிச் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் குடும்பம் எந்த ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான பதிவு பல தோட்டங்களில் கிடையாது. அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். வீட்டு இலக்கத்தைக் கணக்கெடுக்காதீர்கள், அடுப்பைக் கணக்கெடுங்கள். ஒரே இலக்கத்தின் கீழ் கீழே தாய் தகப்பன், மேலே கல்யாணம் முடித்த மகன், பின்னறையில் மலைநாட்டிலிருந்து வேலைக்கு வந்த வாடகைக் குடும்பம் என்று மூன்று அடுப்பு எரியும். ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்ற முறையில் இடம்பெயர்க்கும்போது இரண்டு குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்பது இங்கேதான். வாடகைக்கு இருப்பவர்களை எழுதாதே என்று வீட்டுக்காரர் சிலர் சொல்வார்கள். அதற்கு இணங்காதீர்கள், இணங்கினால் உங்கள் பட்டியலும் பொய்யாகிவிடும்.

ஒவ்வொரு குடும்பத்திடமும் எந்த ஆவணம் இருக்கிறது என்று குறியுங்கள்: வாக்காளர் இடாப்புப் பதிவு, கரண்ட் பில், மதிப்பீட்டு வரிச் சீட்டு, வாடகைச் சீட்டு, முந்தைய கணக்கெடுப்பில் கொடுத்த அட்டை. எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். வெள்ளத்தில் போனால் திரும்ப வராது. வீட்டிலேயே செய்யும் தொழில், படுக்கையிலுள்ள முதியவர், எந்தப் பாடசாலைக்குப் பிள்ளைகள் போகிறார்கள் என்பதும் வேண்டும். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஆணின் பெயரை மட்டும் எழுதாமல் கணவன், மனைவி இருவரையும் எழுதுங்கள். அவர் விட்டுப் போனால் வீடும் போய்விடக் கூடாது.

முடிந்ததும் பட்டியலைக் கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் முற்றத்திலோ ஒரு வாரம் ஒட்டி வைத்துத் திருத்தங்கள் கேளுங்கள். அடையாள அட்டை இலக்கம், கடன் விபரம் எதுவும் அதில் தெரியக் கூடாது. பிறகு கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் ஒவ்வொரு பிரதியைக் கொடுத்து, கிடைத்தது என்று இலச்சினை வாங்குங்கள். எந்தக் கட்சிக்காரரின் படத்தையும் முன்பக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இதையெல்லாம் மாநகர சபை உறுப்பினரிடம் சொல்வதால் பயன் உண்டா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஒழுங்கை, வடிகால், தெருவிளக்கு, குப்பை, சனசமூக நிலையம் என்றால் நிச்சயம் உண்டு. வீடுகளை அகற்றும் தீர்மானம் பெரும்பாலும் சபைக்கு வெளியே எடுக்கப்படுவது. அங்கே அவரால் கேள்வி எழுப்ப முடியும், நிறுத்த முடியாது. 2023 மார்ச்சில் முந்தைய சபையின் காலம் முடிந்த பிறகு 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை கொழும்பில் தெரிவான சபையே இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாகத் தேங்கிய முறைப்பாடுகள் இப்போதைய உறுப்பினர்களின் மேசையில் இருப்பதால் உங்களுடையதை எழுத்தில், வரைபடத்தோடு கொடுங்கள்.

கேள்வி: எங்களை மாடிவீட்டுக்குக் கொண்டுவந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பதாம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் பழுதானால் வாரக்கணக்காகக் கிடக்கிறது. பராமரிப்புப் பணம் மட்டும் மாதம் தவறாமல் கேட்கிறார்கள். குடியிருப்பாளர் சங்கம் என்று ஒன்று உண்டு. அதில் சிலர்தான் எப்போதும் முடிவெடுக்கிறார்கள். கூட்டம் வேலை நாளில் காலையில் வைக்கிறார்கள். வந்த பிறகும் எங்களுக்குப் பங்கு இல்லையா?
– வாசகி, தெமட்டகொடை

பதில்: சகோதரி, உங்களுக்கு இப்போதுதான் பங்கு அதிகம், பலர் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் கட்டடத்தின் வரைபடம் பதிவு செய்யப்பட்டதும் வீட்டுச் சொந்தக்காரர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உருவாகிறது. படிக்கட்டு, லிஃப்ட், நீர்த்தொட்டி, கூரை எல்லாம் அதன் பொறுப்பு; பணத்தைச் சேர்ப்பதும் கணக்குக் காட்டுவதும் அதன் கடமை. நீங்கள் சொல்வது குடியிருப்பாளர் சங்கம் பற்றி. அது வேறு, சட்டப்படியான கூட்டுத்தாபனத்தின் அதிகாரம் அதற்கு இல்லை. ஆகவே கட்டடத்தின் வரைபடம் பதிவாகிவிட்டதா, உறுதி வழங்கப்படுமா, எப்போது என்று முதலில் விசாரியுங்கள். இன்னும் பதிவாகவில்லையென்றால் பொதுப் பகுதிகளின் பராமரிப்புக்குப் பொறுப்பு யார் என்று கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் சங்கத்தின் பொறுப்பு" என்று வாய்ப்பேச்சில் சொல்வதை ஏற்காதீர்கள். லிஃப்டின் சேவை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர்களே பதில் சொல்ல வேண்டியவர்கள்.

கூட்ட நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதியது சிறிய விடயமாகத் தோன்றலாம், ஆனால் உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்கும் கூட்டத்துக்குப் புறக்கோட்டையில் கடையில் நிற்பவரும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும், ஆடைத் தொழிற்சாலையில் இருப்பவரும் வர முடியாது. வரக்கூடியவர்கள் எப்போதும் அதே ஆறேழு பேர். அவர்கள் கெட்டவர்கள் என்றில்லை. அவர்களுக்குத்தான் நேரம் இருக்கிறது. ஞாயிறு மாலையிலோ வேலை நாளில் இரவு ஏழரைக்குப் பிறகோ கூட்டம் வைக்கும்படி உங்கள் மாடியிலும் மேலும் கீழும் உள்ள வீடுகளில் கையொப்பம் சேகரியுங்கள். இந்தத் தடவை தாளின் தலைப்பை நீங்களே தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்.

அந்தக் கூட்டத்தில் லிஃப்டைப் பற்றி மட்டும் பேசி எழும்பிவிடாதீர்கள். கடந்த ஆண்டு சேர்ந்த பராமரிப்புப் பணம் எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கில், எதற்குச் செலவானது என்பதைக் கீழ்த்தள அறிவித்தல் பலகையில் மாதந்தோறும் ஒட்ட வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பிரதிநிதி, அவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பதையும் அன்றே முடிவு செய்யலாம். கணக்குக் காட்ட மறுத்தால், தீர்மானத்தின் பிரதியோடு கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கு முறையிடுங்கள். லிஃப்ட் நின்ற திகதிகளையும் திரும்ப ஓடிய திகதிகளையும் இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். முறைப்பாட்டோடு முதலில் இணைக்க வேண்டியது அந்தப் பக்கங்களின் பிரதிதான்.